திரை மூலையைப் பார்க்கிறவள்

என் வீட்டம்மாவுக்குக் கால்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கார்னர் எது, த்ரோ எது என்று இன்றைக்குக் கேட்டாலும் முழிப்பாள். ஆனால் ஐந்து வருடமாக எங்கள் லீக்கின் பெரிய ஆட்டம் ஒன்றைக்கூட விடாமல் பார்த்தவள் எங்கள் வட்டாரத்திலேயே அவள் ஒருத்திதான். அதிலும் அவள் பார்த்ததெல்லாம் டிவியின் வலது பக்கத்துக் கீழ் மூலையை மட்டும்தான். மற்ற இடத்தில் யார் யாரை உதைத்தால் அவளுக்கென்ன?

ஒரு காலத்தில் லீக் ஆட்டங்கள் அரசாங்க சேனலில் சும்மாவே வந்துகொண்டிருந்தன. பிறகு ஒரு தனியார் சேனல் மொத்த ஒளிபரப்பு உரிமையையும் ஏலத்தில் எடுத்தது. அன்றிலிருந்து பந்து உருளுவதைப் பார்ப்பதற்குக்கூடச் சந்தா கட்ட வேண்டியதாயிற்று. அதிலும் வீட்டுக்கு ஒரு கட்டணம், கடைக்கு ஒரு கட்டணம். கூட்டம் கூட்டிக் காட்டுகிற ஓட்டல், சலூன், கிளப் எல்லாம் வீட்டைப் போலப் பல மடங்கு கட்ட வேண்டும் என்றார்கள். யார் கட்டுவார்? ஊரில் பாதிப்பேர் வீட்டு இணைப்பை வாங்கிக் கடையில் மாட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களைப் பிடிக்கத்தான் சேனல்காரன் என் வீட்டம்மாவை வேலைக்கு வைத்தான்.

கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கடை இணைப்பில் ஓடும் படத்தில் வலது கீழ் மூலையில் நகம் அளவுக்கு ஒரு கோப்பையின் படம் மங்கலாகத் தெரியும். வீட்டு இணைப்பில் அது வராது. அவள் உள்ளே போவாள், ஒரு டீ சொல்லுவாள், மூலையைப் பார்ப்பாள். கோப்பை இருந்தால் டீயைக் குடித்துவிட்டு வருவாள். இல்லாவிட்டால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையும் கூட்டமும் ஒன்றாக விழுகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புவாள். அந்தக் கடைக்கு அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ் போகும். வந்தது யார், போனது யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. சத்தம் இல்லாமல் வந்து போவதால் அலுவலகத்தில் அவளுக்குப் பூனையக்கா என்று பேர். தான் யார் என்பதைக் கடைக்காரரிடம் வாய் திறந்து சொல்லக்கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி. சொன்னால் அன்றோடு வேலை போச்சு.

இதற்கு முன்னால் ஒரு சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். முதலாளியின் மைத்துனர் டிக்கெட் இல்லாமல் கையை வீசிக்கொண்டு வந்தபோது, வழியை மறித்து நிறுத்தி வைத்த புண்ணியவதி இவள். அவர் கத்தினார், குதித்தார். "கவுன்டர் அந்தப் பக்கம் இருக்கு சார்" என்பதைத் தவிர இவள் வேறொன்றும் சொல்லவில்லை. பொய் என்பது இவள் வாயில் வரவே வராது. கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிற எனக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

கால்பந்து நடக்கிற கடைக்கு ஒரு பெண் தனியாகப் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். புருஷனோடு போனால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. அதனால் நானும் கூடப் போவேன். நான் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து, எனக்கென்று தனியாக வைத்த பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே பாதி ஆயுளைக் கழித்தவன். கால்பந்து என்றால் எனக்கு உயிர், நீலச்சட்டை அணி என்றால் அதற்கும் மேலே. டீக் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் இளிப்பேன். அவள் என்னைப் படம் எடுப்பதுபோலத் திரையை எடுப்பாள். எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருப்பதைவிடச் சேனல்காரனின் அலுவலகத்தில் என் படங்கள் அதிகம்.

நான் முடி வெட்டிக்கொள்கிற சலூனையே ஒரு தடவை மாட்டிவிட்டாள். அடுத்த மாதம் நான் அங்கே போய் உட்கார்ந்தபோது சலூன்காரர் கத்தியை என் தொண்டையில் வைத்துக்கொண்டு, "எந்தப் பாவி என்னைக் காட்டிக் கொடுத்தான்னு மட்டும் தெரியட்டும் சார்" என்று பல்லைக் கடித்தார். நான் எச்சில்கூட முழுங்கவில்லை. வீட்டுக்கு வந்து இவளைச் சத்தம் போட்டேன். "கோப்பை இல்லையே, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். அதற்கு மேல் அவளிடம் என்ன பேசுவது?

இப்போது மகள் விஷயம். எங்களுக்கு ஒரே பெண். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கூட வேலை பார்க்கிற பையனை நாலு வருடமாக மனசில் வைத்திருந்து, ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பையன் நல்லவன். நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனோம். பையனின் அப்பா பெரிய மீசை, பெரிய குரல், ஓட்டல் வைத்திருப்பதாகச் சொன்னார். உங்கள் வீட்டம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டதும், இவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "ஒரு கம்பெனில வெளிவேலை, அங்க இங்க அலையற வேலை" என்று மழுப்பினேன். "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கலந்துட்டுச் சொல்றேன் சார்" என்று அவர் எங்களை வழியனுப்பி வைத்தார். அந்த ஒரு வார்த்தைக்காக எங்கள் வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினாள், கையில் வைத்துக்கொண்டே எழுந்தாள். இது கூடிவராவிட்டால் அவள் இன்னொருத்தனுக்குக் கழுத்தை நீட்ட மாட்டாள் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் லீக்கின் இறுதியாட்டம் வந்தது. ஐந்து வருட உரிமை முடிந்து அடுத்த மாதம் மறுபடி ஏலம். தன் பிடி எவ்வளவு இறுக்கம் என்று காட்டிக்கொள்ள வேண்டும் என்று சேனல் தலைமைக்கு ஆசை. மேற்பார்வை பார்க்கிற பையன் காலையிலேயே போன் பண்ணினான். "இன்னிக்கு மாட்டற கடைக்கெல்லாம் வெறும் ஃபைன் கிடையாதுக்கா. நேரா கேஸு, கடைக்குப் பூட்டு. எல்லாரும் பயப்படற மாதிரி பண்ணணும்னு மேல இருந்து உத்தரவு."

எந்தக் கடை என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். ஆட்டம் ஆரம்பிக்கும் நேரத்தில் போனில் வெறும் தெருவும் கதவிலக்கமும் வரும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு தெரு. ஆட்டோ பிடித்துப் போனோம். கடைக்குள் கால் வைக்க இடம் இல்லை. பெஞ்சில் ஆள், சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஆள், சுவரில் சாய்ந்து ஆள். சமையற்கட்டிலிருந்துகூடக் கரண்டியோடு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். கை கழுவுகிற தொட்டிக்கு மேலே பெரிய டிவி. நீலச்சட்டைகள் ஒரு கோல் வாங்கிப் பின்தங்கியிருந்தார்கள். நான் அதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தேன். இவள் மூலையைப் பார்த்தாள்.

"கோப்பை இல்லை" என்றாள் மெதுவாக.

அதே நேரத்தில் கல்லாவிலிருந்து ஒரு குரல். "அட, சாரா? வாங்க வாங்க! வாங்கம்மா!"

பெரிய மீசை எங்களைப் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. பையனின் அப்பா! எந்த வீட்டுப் பதிலுக்காகக் காத்துக் கிடந்தோமோ, அந்த வீட்டுக் கடைக்கே பூட்டுப் போட வந்து நிற்கிறோம்.

அவர் எங்களை வேறு மாதிரி புரிந்துகொண்டார். முன்வரிசையில் இரண்டு பேரை எழுப்பிவிட்டு எங்களை உட்கார வைத்தார். குனிந்து என் காதில், "பையனைப் பத்தி நாலு பேர்கிட்ட விசாரிக்க வந்தீங்களாக்கும்? தாராளமா விசாரிங்க சார். பொண்ணைப் பெத்தவங்க விசாரிக்கத்தான் செய்வாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அது சிரிப்பு மாதிரி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. டீ வந்தது, பன் வந்தது, ஆம்லெட் வந்தது. வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை.

அவர் கல்லாவுக்குப் போனதும் நான் இவள் பக்கம் சாய்ந்தேன்.

"எந்திரி, போயிடலாம். கடை பூட்டியிருந்துச்சுன்னு சொல்லிடு."

"கடை திறந்திருக்கே."

"டிவி ஓடலைன்னு சொல்லு."

"ஓடுதே."

"உன் பொண்ணு வாழ்க்கைடீ!"

"தெரியும்" என்றாள். "நான் படம் அனுப்பலேன்னா வேற ஆளை அனுப்புவாங்க. அந்த ஆளுக்கு இவரு யாரோ எவரோ. கொஞ்சம் சும்மா இருங்க, யோசிக்கறேன்."

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. மேற்பார்வைப் பையன். எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. என்ன ஏது என்று பார்க்க அவள் போனை வெளியே எடுத்தாள். அதைப் பார்த்துவிட்டார் மீசைக்காரர். பெரிய கடை, பெரிய கூட்டம், பெண் வீட்டார் முன்வரிசையில். மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. "படம் எடுக்கணுமா? கொடுங்கம்மா, நான் எடுக்கறேன்" என்று கையிலிருந்து போனை வாங்கிவிட்டார். எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தார். "சார், கொஞ்சம் அம்மா பக்கம் சாயுங்க. டிவியும் விழணும்ல. நம்ம கடைக் கூட்டமும் தெரியணும். சிரிங்க!"

எடுத்துவிட்டார். திரை, கூட்டம், கோப்பை இல்லாத மூலை, நடுவில் பேயறைந்த மாதிரி நாங்கள் இருவர். கோர்ட்டில் காட்டுவதற்கு அதைவிடச் சுத்தமான சாட்சியம் இவளே ஐந்து வருடத்தில் எடுத்ததில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லா வந்திருக்கு, வீட்டுல காட்டுங்க" என்று போனார். ஒரு விரல் பட்டால் அந்தப் படம் அலுவலகத்துக்குப் போய்விடும். அந்த விரலைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீலச்சட்டைகள் ஒரு கோல் திருப்பிப் போட்டார்கள். கடை இடிந்து விழுகிற மாதிரி கத்தியது. என்னைப் பின்னாலிருந்து யாரோ கட்டிப்பிடித்தார்கள். எனக்கு அது எப்படி விழுந்தது என்றுகூடத் தெரியாது. கூடுதல் நேரம் போனது, அதிலும் சமம். பெனால்டிக்குப் போனார்கள். கூட்டம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது.

"இன்னும் எத்தனை பேர் அடிக்கணும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் அஞ்சு அஞ்சு பேர். ஏன்?"

அவள் எழுந்து கல்லாப் பக்கம் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். என் கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடியது. நிஜமாகவே தரையை மிதித்தேன்.

"அண்ணா, உங்ககிட்ட ஒரு விஷயம்" என்றாள்.

"என்னம்மா, சாப்பாடு சரியில்லையா?"

"நான் அந்த சேனல்ல வேலை பாக்கறேன். வீட்டுக் கனெக்சனை வெச்சுக் கடையில காட்டறாங்களான்னு பாக்கறதுதான் என் வேலை. இன்னிக்கு உங்க கடைக்கு அனுப்பியிருக்காங்க. இது உங்க கடைன்னு உள்ள வர்ற வரைக்கும் எனக்குத் தெரியாது."

மீசை அப்படியே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க எடுத்த படம் போன்ல இருக்கு. விஷயம் தெரியாம நீங்க எடுத்துக் கொடுத்ததை அனுப்பறது நியாயம் இல்லை. இதோ பாருங்க, அழிச்சுட்டேன். ஆனா நான் ஒண்ணு எடுக்கணும். ஆட்டம் ஓடிட்டிருந்தா எடுப்பேன். ஓடலேன்னா எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. கேஸ் போட்டுக் கடையைப் பூட்டிடுவாங்க அண்ணா. அதான் சொல்றேன்."

"உங்களுக்கு இதைச் சொல்லலாமா?"

"கூடாது. வேலை போயிடும்."

அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். டிப்போ ஆட்கள், லோடு ஏற்றுகிறவர்கள், கடைகண்ணி வைத்திருப்பவர்கள்; தினம் மூன்று வேளையும் அவர் கடையில் சாப்பிடுகிற முகங்கள். டிவியில் மாறி மாறி அடித்து, கணக்கு சமமாகவே வந்துகொண்டிருந்தது. கடைசியில் எதிரணி ஆள் ஒருத்தன் வெளியே அடித்துவிட்டான். கடை அலறியது. இனி எங்கள் ஆள் ஒருத்தன் உள்ளே போட்டால் கோப்பை எங்களுக்கு. அவன் பந்தை எடுத்துப் புள்ளியில் வைத்தான். ஒரு தடவை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான்.

"இப்பவேவா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இப்பவே" என்றாள் இவள். போன் அவள் கையில் தயாராக இருந்தது.

எங்கள் ஆள் பின்னால் நடந்து போய் நின்றான். நடுவர் விசில் ஊதினார். கடைக்காரர் ரிமோட்டை எடுத்து அமுக்கினார். திரை கறுத்தது.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "கரண்டு போச்சா?" என்றது ஒரு குரல். "எங்க போச்சு, ஃபேன் சுத்துதேடா!" என்றது இன்னொன்று. அப்புறம் எல்லோரும் கல்லாவைப் பார்த்தார்கள். ரிமோட் அவர் கையிலேயே இருந்தது.

"நான்தான் நிறுத்தினேன்" என்றார்.

"போடுய்யா!"

"முடியாது. என் டிவி, நிறுத்தணும்னு தோணுச்சு, நிறுத்திட்டேன்."

அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்த வசவுகளை நான் எழுதப் போவதில்லை. அவர் அம்மாவிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரு டீக் கிளாஸ் பறந்து வந்து அவருக்குப் பின்னால் சுவரில் உடைந்தது. தினம் அண்ணே அண்ணே என்று கூப்பிடுகிறவர்கள் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் அவை. அவர் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பார்வை போதும், எங்கள் கதை முடிந்திருக்கும்.

லோடு ஏற்றுகிற ஆள் ஒருவர், கழுத்தில் சிவப்புத் துண்டு போட்டவர், பெஞ்சு மேல் ஏறினார். "டேய், இன்னிக்கு ஊர் பூரா சேனல்காரன் ஆளுங்க சுத்தறாங்களாம். எவனோ உள்ள வந்திருக்கான். அதான் இவரு பயந்துட்டாரு. யாரது?"

தூண் ஓரமாகத் தனியாக உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் மீது எல்லோருடைய கண்ணும் போனது. ஊருக்குப் புதுசு மாதிரி முகம். மடியில் பை. அவர் அடிக்கொரு தடவை திரையைப் படம் எடுத்ததை நானே பார்த்திருந்தேன்.

"இவன்தான்! அப்பப்ப படம் எடுத்தான்!"

"ஐயோ, என் தம்பி கப்பல்ல இருக்கான், அவனுக்கு அனுப்பத்தாங்க..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். போனைப் பிடுங்கினார்கள். கண்ணாடி கீழே விழுந்தது, யாரோ மிதித்தார்கள். கடைக்காரர் கல்லாவைத் தாண்டி ஓடினார். "அவரு இல்லைப்பா! விடுங்க, அவரு இல்லை!"

"அப்ப வேற யாரு? உமக்குத் தெரிஞ்சிருக்கு! சொல்லும்!"

அவர் வாயை மூடிக்கொண்டார். காலர் பிடித்தவன் கையை ஓங்கினான்.

எனக்குப் பக்கத்தில் அவள் அசைந்தது தெரிந்தது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். இறுக்கித்தான் பிடித்தேன். "வேண்டாம். அவங்க வீட்டு ஆளுங்க நாளைக்கு இதைப் பேசுவாங்க. எல்லாம் முடிஞ்சிடும்" என்றேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"அவரை விடுங்க" என்றாள் சத்தமாக. "நான்தான் சேனல் ஆள்."

முதலில் ஒருத்தரும் நம்பவில்லை. சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். "அம்மா, நீங்க வேற நடுவுல... உட்காருங்கம்மா" என்றார் ஒருவர். இவள் கைப்பைக்குள் விட்டு, உள் பாக்கெட்டின் ஜிப்பைத் திறந்து, ஐந்து வருடமாக ஒருத்தருக்கும் காட்டாத அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். சிரிப்பு நின்றது. கண்ணாடிக்காரரை விட்டுவிட்டார்கள். கூட்டம் மெல்ல எங்கள் பக்கம் திரும்பியது.

"முன் பெஞ்சுல உட்கார்ந்து ஆம்லெட் சாப்பிட்டுட்டே இந்த வேலை பாத்தியா?" என்று சிவப்புத் துண்டு பெஞ்சிலிருந்து இறங்கி வந்தது. நான் நடுவில் போய் நின்றேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்குச் சண்டை போடத் தெரியுமா? என்னை ஒரு கையால் ஒதுக்கினார், நான் ஒதுங்கித்தான் போனேன். இவள் இருந்த இடத்திலேயே நின்றாள்.

அப்போது எங்களுக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் ஒரு முதுகு வந்து நின்றது. வேர்வையில் நனைந்து ஒட்டிய பெரிய முதுகு.

"இவங்க என் சம்பந்தியம்மா" என்றார் கடைக்காரர்.

சிவப்புத் துண்டு நின்றார்.

"காதுல விழுந்துச்சா? இவங்க பொண்ணைத்தான் என் பையனுக்கு எடுக்கறோம். சம்பந்தியம்மா மேல கை வைக்கணும்னா முதல்ல என் மேல வை. வெச்சுட்டு நாளைலேர்ந்து வேற கடையில சாப்பிட்டுக்கோ."

பதில் சொல்ல அந்த ஆள் வாயைத் திறந்தபோது வெளியே தெருவில் ஓவென்று பெரிய இரைச்சல் எழுந்தது. எங்கேயோ ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து ஆரம்பித்து மாடி மாடியாகப் பரவியது. எங்கள் கடைக் கூச்சலில் அந்த உதைக்கு ஊர் போட்ட சத்தம் யாருக்கும் கேட்டிருக்கவில்லை; பந்து உள்ளே போய்விட்டதா, வெளியே போய் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்களா? பாதிக் கூட்டம் வாசலுக்கு ஓடியது, மீதிக் கூட்டம் அதன் பின்னால் ஓடியது. சிவப்புத் துண்டு எங்களை ஒரு முறை முறைத்தார். பிறகு அவரும் ஓடினார். சின்ன வயதிலிருந்து நீலச்சட்டைகளுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். யார் ஜெயித்தார்கள் என்று கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. என் மகளை எந்த வீட்டுக்குக் கொடுக்கிறேன் என்று அந்த முதுகைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடை காலியானதும் கடைக்காரர் கண்ணாடிக்காரரை உட்கார வைத்துச் சூடாக ஒரு டீ கொடுத்தார். இவள் மேற்பார்வைப் பையனைக் கூப்பிட்டாள். "படம் இல்லைப்பா. நான் யாருன்னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன். அவரு டிவியை நிறுத்திட்டாரு. அட்டையை நாளைக்குக் கொண்டாந்து தர்றேன்" என்றாள். அந்தப் பக்கம் அவன் என்னவோ கத்தினான். கேட்டுவிட்டுச் சரி என்று வைத்தாள். பிறகு கடைக்காரரிடம், "கடைக் கனெக்சன் எடுங்க, இல்லேன்னா டிவியைக் கழட்டிடுங்க அண்ணா. அடுத்து வர்றவங்க சொல்லிட்டு வர மாட்டாங்க" என்றாள்.

அவர் உடைந்த கிளாஸ் துண்டுகளைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். துடைப்பத்தைப் பிடித்தபடியே நிமிர்ந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா சம்பந்தியம்மா? நான் நிறுத்தலேன்னா எடுத்திருப்பீங்களா?"

இந்த ஒரு தடவையாவது இவள் வாயில் ஒரு சின்னப் பொய் வரக்கூடாதா என்று நான் தவித்தேன். இல்லை அண்ணா, எப்படி மனசு வரும் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

"எடுத்திருப்பேன்" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"பொண்ணும் இப்படித்தானா?" என்று என்னைக் கேட்டார்.

"இவளைவிட மோசம்" என்றேன்.

"என் பையன் பாவம்" என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு நாள் எப்போது பார்க்கலாம் என்று கேட்டார்.